மூடிய புத்தகத்திலிருந்து வாசித்தவர்

திருவிழாப் பூசை முடிந்த செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, பங்கு இல்லத்தின் சாப்பாட்டு அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில், சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பங்குச் சாமியார். அவருக்கு இடப்பக்கம், சமையலறைக் கதவையொட்டி அவருடைய தங்கை. அண்ணனுக்கு வீடு பார்த்துக்கொள்ள வந்தவள், ஊர் முழுக்க அவளுக்கு அத்தை என்றே பெயர். வலப்பக்கம் ஆணிக்காரர். இரும்புக் கடை வைத்திருப்பவர், பங்குப் பேரவையின் செயலாளர். அவருக்கு எதிரே ரொட்டியம்மா. அவளுக்கு அடுத்து அவள் புருஷன் ரொட்டிக்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. மேசைக்கு வராமல் சுவரோரத்து முக்காலியில் உபதேசியார். மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைப் புத்தகத்தைத் திறந்து வைப்பது எல்லாம் அவர் வேலை.

ஏழாவதாக ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் உலர்ந்த பீடத் துணிகள் மடிக்கப்படாமல் குவிந்து கிடந்தன. அத்தையின் கண் அடிக்கடி அதன்மேல் போய் வந்தது. காலையிலிருந்து அவளுக்கு எல்லாமே அந்தத் துணிக் குவியலைப் போலத்தான் இருந்தது. வெள்ளையாக, மெத்தென்று, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல்.

மேசை நடுவில் ஒரு தாள் இருந்தது. ஆணிக்காரர் எழுதிக் கொண்டுவந்த கடிதம். மறைமாவட்டத்தின் ஆயருக்குப் போக வேண்டியது. சாமியாரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அன்று காலை நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கோயில் சூசையப்பர் பேரில் உள்ளது. திருவிழா அன்று கூட்டம் உள்ளே கொள்ளாது என்று முற்றத்தில் பந்தல் போட்டு, அங்கேயே பீடம் வைத்துப் பூசை நடந்தது. விடியற்காலையில் இறங்கிய பனி எட்டு மணி வரை போகவில்லை. கூட்டத்தின் தலைகள் பனிக்குள் பாதி தெரிந்தும் பாதி கரைந்தும் இருந்தன. மெழுகுதிரிச் சுடர்கள் மட்டும் காற்றில் தனியாகத் தொங்குவது போல் தெரிந்தன. சாமியார் நற்செய்தி வாசிக்க எழுந்தபோதுதான் காற்று கிளம்பிற்று. வழக்கமாகப் புத்தகத்தின் இரு பக்கத்துக்கும் இரண்டு கிளிப்பு போட்டு வைப்பார் உபதேசியார். அன்று அந்தக் கிளிப்புகள் சூசையப்பர் சுரூபத்தின் பூமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

குழம்பிப்போய்ப் படுத்த தச்சனின், அதாவது அந்தச் சூசையப்பரின், கனவில் வானதூதர் வந்து பேசும் பகுதி. சாமியார் நாலு வரி வாசித்திருப்பார். காற்று ஒரு தாளைத் தூக்கியது, பிறகு பத்தை, பிறகு மொத்தத்தையும். மேலட்டை கவிழ்ந்து ‘டப்’பென்று மூடியது. மைக்கில் அந்தச் சத்தம் நானூறு பேருக்கும் கேட்டது. சாமியார் நிறுத்தவில்லை. எப்போதும் போல் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, தூரத்து ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தபடி, ஒரு சொல் தடுக்காமல் வாசித்துக்கொண்டே போனார். தச்சன் விழித்தெழுந்து சொன்னபடி செய்தான் என்று முடித்தார். வழக்கப்படி குனிந்து புத்தகத்தை முத்தமிட்டார்.

முத்தமிட்டது கெட்டி அட்டையை.

முன்வரிசையிலிருந்த அத்தை மட்டும் அவர் உதடு அங்கே ஒரு நொடி நின்றதைப் பார்த்தாள். கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் விசும்பினாள். அதற்கப்புறம் பூசை முடியும்வரை அத்தைக்கு ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. பாட்டெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் வந்தது.

பத்து மணிக்குள் இது புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்று ஊர் சொல்லிவிட்டது. பதினொரு மணிக்கு அந்தப் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட வரிசை நின்றது. மத்தியானம் ஆணிக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்து கடிதம் எழுதினார்.

உண்மை அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். சாமியாருக்குக் கண் போய் மூன்று வருடமாகிறது. முழுக்கப் போகவில்லை, நடுப்பகுதி போய்விட்டது. நேராகப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம், அதைச் சுற்றி ஓரமெல்லாம் தெளிவு. பெரிய நகரத்து டாக்டரிடம் அங்கியைக் கழற்றிச் சட்டை போட்டுக்கொண்டு போனார். இது திரும்பாது, ஓரப் பார்வை மட்டும் நிற்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும் ரயிலில் தங்கையிடம் சொன்னார்: “உன்னை நேராப் பார்த்தா நீ இல்ல. சன்னலைப் பார்த்தா நீ இருக்கே.” அன்றிலிருந்து அவர் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. சாமி பேசும்போது பக்கத்தில் நிற்கும் வானதூதரைப் பார்க்கிறார் என்று கிழவிகள் சொல்லிக்கொண்டார்கள்.

பூசை ஜெபங்கள் அவருக்கு நாற்பது வருடத்து மனப்பாடம். நாளுக்கு நாள் மாறுகிற வாசகங்களுக்குத்தான் தங்கை வேண்டியிருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பீடத் துணிகளைத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்பாள். இஸ்திரிக்கு அவை பதமாகும் அரைமணி நேரத்தில் மறுநாள் நற்செய்தியை மூன்று தரம் வாசிப்பாள். அவர் திருப்பிச் சொல்வார். அவள் இருபத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவருக்கு மூலத்தை வாசித்துக் காட்டும் வேலை பார்த்தவள். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி வாசித்தே பழக்கம். தொடக்கத்தில் அவர் அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுவார். இருவரும் சிரித்துச் சிரித்து அதை உதிர்க்க ஒரு மாதம் ஆயிற்று.

ஒருமுறைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு கல்யாண அறிவிப்பு. கொல்லர் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணை விறகுக்கடைப் பையனுக்கும், விறகுக்கடைக்குப் போக வேண்டியவளைக் கொல்லர் மகனுக்கும் மாற்றிச் சொல்லிவிட்டார். கோயில் குலுங்கிச் சிரித்தது. “ஆட்சேபனை உள்ளவங்க இப்பவே சொல்லுங்க, இன்னும் நேரமிருக்கு” என்று சமாளித்தார். சாமிக்கு என்ன குசும்பு என்று ஊர் பேசிக்கொண்டது.

ஏன் மறைத்தார்கள் என்றால், சொன்னால் வீடு போய்விடும். பார்வையில்லாத சாமியாருக்குக் குருக்களின் ஓய்வு இல்லத்தில் ஓர் அறை உண்டு. அங்கே பெண்கள் தங்கக்கூடாது. பங்கு இல்லம் அடுத்து வருகிறவருக்குப் போகும். புருஷன் செத்துப் பிள்ளையும் இல்லாமல் பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்த தங்கைக்குத் திரும்பிப் போக ஒரு கதவும் இல்லை.

“வாசிக்கிறேன், குறை இருந்தா சொல்லுங்க” என்று ஆணிக்காரர் தாளை எடுத்தார். “ஒன்று. காற்று வடகிழக்கிலிருந்து வீசிற்று. இரண்டு. புத்தகம் முற்றிலும் மூடிற்று. மூன்று…”

“காத்து எங்கேருந்து வந்தா என்ன? புதுமையைச் சொல்லுங்கய்யா” என்றாள் ரொட்டியம்மா.

“அம்மா, ஆயர் இல்லத்துல கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. விவரம் வேணும். உபதேசியாரே, பக்கத்துல நின்னவர் நீங்கதான். சாட்சிக் கையெழுத்து போடுங்க.”

உபதேசியார் முக்காலியிலிருந்து எழவில்லை. “நான் பார்த்தது புஸ்தகம் மூடினதை. கேட்டது சாமி வாசிச்சதை. அவ்வளவு எழுதுங்க, போடறேன்.”

“அதுதானே புதுமை!”

“அது உங்க கணக்கு.”

“என்னய்யா இழுக்கறீங்க? நானூறு பேருக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியலையா?”

“கிளிப்பு போட மறந்தவன் நான். எனக்குத் தெரிஞ்ச புதுமை அது ஒண்ணுதான்.”

ரொட்டியம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். சாமியார் சிரிக்கவில்லை. அவர் விரல்கள் மேசை விளிம்பில் ஒரு ரொட்டித் துணுக்கை உருட்டிக்கொண்டிருந்தன. அத்தை தேநீர் ஊற்றினாள். வெயில் பனியைத் தின்று முடித்து, சன்னல் கண்ணாடி வழியே பால் போல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒளியில் இந்த மேசையும் கோப்பைகளும் சுவரில் ஈரம் வரைந்த தீவுகளும் ஏற்கெனவே யாரோ இன்னொருவருடையவை போலத் தோன்றின அவளுக்கு. அண்ணன் கையெழுத்துப் போட்டால் விசாரிக்க ஆள் வரும். வருகிறவர் ஒரு தாளை நீட்டி ‘இதை வாசியுங்கள்’ என்றால் தீர்ந்தது. போடாவிட்டால் ஏன் என்று இந்த மனிதர்கள் கேட்பார்கள்.

‘அண்ணா, ஏதாவது சொல்லுங்க’ என்று மனதுக்குள் சொன்னாள். ‘ஒண்ணும் சொல்லிடாதீங்க’ என்றும் சொன்னாள்.

ரொட்டியம்மா புருஷனை முழங்கையால் இடித்தாள். “கேளுங்களேன்.”

“நீயே கேளு.”

“கண்ணு யாருது? என்னுதா?” என்று சொல்லிவிட்டு அவளே சாமியார் பக்கம் திரும்பினாள். “சாமி, இவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அடுப்புல ரொட்டி சிவந்துதா கருகுதான்னு மூக்கை வெச்சுத்தான் சொல்றார். வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. இப்ப இப்படி ஒரு புதுமை நடந்திருக்கு. கண்ணே இல்லாம வாசிக்கிற மாதிரி வாசிச்சீங்க. உங்க கையை இவர் கண்ணு மேல வெச்சு ஒரு ஜெபம் பண்ணிட்டா போதும், ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிடுவோம்.”

“கத்தி வைக்கிறாங்களாம் சாமி” என்றார் ரொட்டிக்காரர், தொப்பியைத் திருகிக்கொண்டு. “கண்ணுக்குள்ள. முழிச்சிட்டு இருக்கும்போதே.”

அவர் எழுந்து வந்து சாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். மாவு மணக்கும் பெரிய தலை. சாமியார் கையைத் தூக்கினார். ரொட்டிக்காரரின் நெற்றி இருந்த இடத்துக்கு ஒரு விரல் கடை தள்ளி, காற்றில் வைத்தார். பிறகு தடவிக் கண்டுபிடித்து இமைகளின் மேல் கொண்டுவந்தார். அங்கேயே வைத்திருந்தார், வெகுநேரம். தூங்கிப்போனாரோ என்று ஆணிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இது புரைதானே?” என்றார் சாமியார் கடைசியில். “டாக்டர் சொன்னாரா, எடுத்தா சரியாயிடும்னு?”

“பத்து நிமிஷ வேலைன்னார்.”

“அப்ப வெள்ளிக்கிழமை போறே. கேட்டியா? போகலைன்னா நானே கூட்டிட்டுப் போவேன்.” கையை இமைகளிலிருந்து எடுத்தார். “நான் கூட்டிட்டுப் போறதுதான் கஷ்டம். என்னையே யாராவது கூட்டிட்டுப் போகணும். எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. மூணு வருஷமா. உன்னுது திரும்பும். என்னுது திரும்பாது.”

அத்தை கெட்டிலை மேசையில் வைத்தாள்.

“புஸ்தகம் மூடினது எனக்குத் தெரியாது” என்றார் சாமியார். “பந்தல் துணி அடிச்சுதுன்னு நினைச்சேன். முத்தம் குடுக்கும்போதுதான் அட்டை பட்டுது. முந்தின நாள் இவ வாசிச்சா, நான் மனப்பாடம் பண்ணேன். தினமும் அப்படித்தான். அப்பவே மைக்குல சொல்லியிருக்கணும். வாய் வரல.”

முதலில் வாய் திறந்தவள் ரொட்டியம்மாதான். “அப்ப போன வாரம் நான் புது உடுப்புல வந்தப்ப, ‘ரொம்ப நல்லா இருக்கும்மா’ன்னீங்களே சாமி?”

“சரசரன்னு சத்தம் புதுசா இருந்துது.”

“மூணு வருஷமா என்னை ஏமாத்திட்டீங்களே!” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. முழங்காலில் இருந்த ரொட்டிக்காரர் எழுந்திருக்காமல் சாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “முழிச்சிட்டு இருக்கும்போதேவா?” என்று மறுபடியும் கேட்டார். “முழிச்சிட்டுத்தான். நான் வெளியில உக்காந்து ஜெபம் சொல்றேன், போ” என்றார் சாமியார்.

“எனக்குத் தெரியும்” என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். உபதேசியார் தன் செருப்பைப் பார்த்துப் பேசினார். “மூணு வருஷமாகப் போகுது. ஒரு பூசையில ‘ஆண்டவர் சொன்னார், கமா’ன்னார். யாரோ வாசிச்சுக் காட்டறாங்கன்னு புரிஞ்சுது. அன்னையிலேருந்து படி இருக்கிற எடத்துல நான் ஒரு எட்டு முன்னால போவேன். என் கால் சத்தத்தை வெச்சு எறங்கட்டும்னு.”

சாமியார் அந்தப் பக்கம் பார்த்தார். அதாவது அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். “அதான் உன் செருப்பு அப்படிச் சத்தம் போடுதா? புதுசு வாங்கித் தரணும்னு நினைச்சிட்டிருந்தேன்.”

ஆணிக்காரர் தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பாவம், நல்ல கையெழுத்தில் இரண்டு பக்கம். “வெளியில வரிசையில நிக்கிறாங்க சாமி. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சாயங்கால ஜெபத்துல நானே சொல்றேன். அஞ்சு மணித் தபாலுக்கு உங்க கடிதம் போக வேணாம், வேற கடிதம் போகும். கொஞ்சம் வெளியில இருங்க எல்லாரும். தங்கச்சி, காகிதம் எடு.”

அவர்கள் எழுந்து போனார்கள். ரொட்டியம்மா மட்டும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்து, ஒட்டுக்கேட்கவில்லை என்று காட்டுவதற்காகத் தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிட்டாள்.

அத்தை உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். தேதி எழுதினாள். அவர் சொல்லச் சொல்ல, பேச்சை எழுத்தாக மாற்றி எழுதினாள். அச்சகத்துப் பழக்கம், வரி கோணவில்லை.

“எனக்கு மூணு வருஷமா பார்வை இல்ல. அதை நான் தெரிவிக்கல. அது என் தப்பு. எழுதிட்டியா?”

“ம்.”

“வேற யாருக்கும் இதுல பங்கில்ல.”

பேனா நின்றது. “இதை எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“தினம் மூணு தடவை வாசிச்சது யாரு, கோயில் பூனையா?”

“உன்னை எதுக்கு இழுக்கணும்னு…”

“இழுத்தாச்சு. மேல சொல்லுங்க.”

“ஓய்வு இல்லத்துல எனக்கு ஓர் அறை குடுத்தா போதும். அதோட முடி.”

தண்ணீர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அறை. அவள் அந்தச் சொல்லை இன்னும் எழுதவில்லை. ஆனாலும் தாளில் அது இருந்த இடம் தெரிந்தது, கதவு ஒன்று சாத்தியது போல. தன் பெட்டி எந்தப் பரணில் இருக்கிறது என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்தப் பெட்டி கனவில் வருகிற பெட்டியைப் போல் ஒவ்வொரு தெருவாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒரு வாசலிலும் இறங்காமல் வந்தது. பிறகு அவள் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

எழுதிக்கொண்டே இருந்தாள்.

“நான் சொன்னதுக்கு இவ்வளவு நேரமாகாதே” என்றார் அவர். “என்ன எழுதறே?”

“வாசிக்கிறேன், கேளுங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்: “‘ஓய்வு இல்லத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று அறிவோம். ஆகையால் ஓய்வு இல்லம் கேட்கவில்லை. ஏதாவது ஒரு பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள வீடு வேண்டும். சாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும். காலையும் மாலையும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். முகம் பார்க்க முடியாத சாமியிடம் பாவத்தைச் சொல்ல ஜனங்களுக்கும் கூச்சமிராது. வாசிக்க வேண்டியதை நான் வாசிப்பேன். இத்தனை நாள் மறைத்ததில் எனக்கும் பாதி உண்டு.’”

சமையலறையில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது.

“நான் அப்படிச் சொல்லலையே” என்றார் சாமியார்.

“நீங்க சொல்லல.”

“நீ எழுதினதை வாசிக்காம, நான் சொன்னதை வாசிச்சிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காது.”

அவர் சன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பினார். ஓரக்கண்ணில் அவள் வந்தாள்: நரைத்த தலை, மை பட்ட விரல், தாளின் மேல் கவிழ்ந்த தோள். “ஓர் அறைன்னா உனக்கு விடுதலைன்னு நினைச்சேன். மூணு வருஷமா என் கண்ணைத் தூக்கிட்டு அலையறே. உனக்குப் பிடிச்ச எடத்துக்குப் போகலாமே.”

“எந்த எடம்?”

வாசலில் யாரோ சைக்கிள் மணியைத் துடைக்கும் சாக்கில் இரண்டு தடவை அடித்தார்கள்.

“ஆயர் ஆண்டகைக்கு இப்படியா எழுதறது?” என்றார் அவர். “‘கேட்கவில்லை’, ‘வேண்டும்’. கடையில ஆணி வாங்கற மாதிரி. ‘தயவுசெய்து’ன்னு ஒண்ணு போடு.”

“எந்த எடத்துல?”

“ரெண்டு அறைக்கு முன்னால.”

அவள் வரிக்கு மேலே சிறு எழுத்தில் அந்தச் சொல்லைச் செருகினாள். அவர் சன்னலைப் பார்த்தபடி தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்; கொஞ்சம் மேலேறி, கடைசி வரியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே அவள் தன்னுடையதைப் போட்டாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அழுத்தித் தேய்த்தாள்.

வாசலில் காத்திருந்த ஆணிக்காரர் உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் எடுத்தவர், ரொட்டியம்மா ஈரக் கையோடு அவரை முறைப்பதைப் பார்த்துக் கேட்காமலே சைக்கிளில் ஏறினார். அப்போது மணி நாலே முக்கால்.

“மெதுவா போங்க, கடிதம் கசங்கிடப் போகுது” என்றாள் அத்தை.

“மெதுவா போனா தபால் போயிடும்மா!” என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் கலையாத வரிசையை ஒதுக்கிக்கொண்டு, தெருவில் இறங்கி, வேகமாக மிதித்துப் போனார்.